வெள்ளிச் சட்டைக்காரனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போன கதை

ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் மழை வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். நான் சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டதே மழைக்காகத்தான். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்து மழை கொட்டித் தீர்க்க வேண்டும். ஈ காக்காய்கூட வெளியே தலைகாட்டக் கூடாது. என் வீட்டுக்காரர் எடுத்த படம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஓட வேண்டும். அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு நான் திருச்சி திரும்ப வேண்டும்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். குடும்ப மானம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரே டிஸ்கோ பைத்தியம் பிடித்து அலைந்தபோது இவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து எடுத்த நடனப் படம் அது. கதாநாயகனுக்குப் பளபளவென்று வெள்ளிச் சட்டை, வெள்ளிக் கால்சட்டை, நெற்றியில் ஒரு நாடா. அவன் ஆடுவதைப் பார்த்தால் குளியலறையில் கரப்பான்பூச்சியைக் கண்டவன் மாதிரி இருக்கும். கதாநாயகியின் பாவாடையைச் சுற்றிச் சின்னச் சின்ன பல்புகள் எரியும். அதற்கான பேட்டரி அவள் முதுகில் புடைத்துக்கொண்டு தெரியும். என் நான்கு தங்க வளையல்கள்தான் அந்தப் பல்புகளாக எரிந்தன என்பது என் கட்சி.

கடைசியில் நடனப் போட்டியில் கதாநாயகன் ஜெயிப்பான். வில்லன் கம்பியை அறுத்துவிடுவான். மேலே தொங்கும் கண்ணாடி உருண்டை தலையில் விழுந்து, பாவி மகன் மேடையிலேயே செத்துப்போவான். அம்மாக்காரி கதறுவாள். 'வணக்கம்' என்று எழுத்து வரும். இந்த முடிவு என் வீட்டுக்காரர் யோசித்தது. "ஆடற பையனைக் கொல்லாதப்பா, ஜனம் அடிக்கும்" என்று கூட்டாளி கெஞ்சினார். இவர் கேட்கவில்லை. ஜனம் அடித்தது. திருச்சியில் முதல் நாளே இவருடைய காலரைப் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் படம் ஓடுகிற தியேட்டர் பக்கம் இவர் தலைவைத்துப் படுப்பதில்லை.

தமிழ்நாடு முழுக்க ஊற்றிக்கொண்ட படத்தைப் பெங்களூரில் ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தியேட்டர் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி ஓட்டியது. பெட்டி பார்சலில் போகும், பார்சலில் வரும். "பெங்களூர்க்காரன் ரசிகன்டி. அந்த முடிவு அவனுக்குப் புரியுது" என்று இவர் நெஞ்சை நிமிர்த்துவார். சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் சரி, மகளுக்கு வந்த வரனைத் தட்டிக்கழித்தாலும் சரி, எங்கள் வீட்டில் எந்தச் சண்டையானாலும் கடைசியில் பெங்களூர்க்காரனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

கேபிள் டிவி வந்த பிறகு பெங்களூரிலும் கூட்டம் குறைந்தது. நான் சும்மா விடுவேனா? கட்டிலுக்கு அடியில் இரண்டு இரும்புப் பெட்டிகளில் கடைசி பிரிண்ட் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பழைய பிலிமை வாங்கி பிளாஸ்டிக் வளையல் செய்யக் கொடுக்கிற சேட்டு ஒருவர் பெங்களூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் வளையலை விழுங்கியது வளையலாகவே போய்த் தொலையட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஞாயிறு மேட்னி நிரம்பினால் பெட்டி வீட்டுக்குத் திரும்பும். நிரம்பாவிட்டால் மறுநாளே சேட்டுக்கு. இவருக்கு முழங்காலில் கட்டு, அதனால் பெட்டியோடு நானே கிளம்பினேன். வாசலில் இவர் பெட்டியின் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் பெங்களூர் ஸ்டேஷனில் இறங்கியதும் பல் கிட்டியது. எங்கள் ஊரில் மார்கழியில்கூட விசிறி ஓடும். இங்கே டீ விற்கிறவர் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். நான் போக வேண்டியது ஒக்கலிபுரம், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். அதனாலேயே ஒரு ஆட்டோவும் வரவில்லை. "இவ்ளோ பக்கமா? நடந்தே போங்கம்மா, உடம்புக்கு நல்லது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இரண்டு இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து காட்டட்டுமே அவர்கள்! கடைசியில் ஒரு பாய் மனமிரங்கினார். தாடிக்கு மருதாணி போட்ட மனிதர்.

ஒக்கலிபுரத்தில் என் நாத்தனார் கமலா இருக்கிறாள். இவருடைய ஒரே தங்கை. அவள் புகுந்த வீட்டில் தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம். இப்போது வீட்டுக்காரர் ஆடிட்டர், மகன் கம்ப்யூட்டர் கம்பெனி. அந்த வீட்டில் வேலைக்காரியைத் திட்டக் கன்னடம், மகனிடம் பேச இங்கிலீஷ், ஊர் வம்புக்கு மட்டும் தமிழ். பெட்டிகளைப் பார்த்ததுமே கமலாவின் முகம் மாறிவிட்டது.

"அண்ணி, அந்த டிஸ்கோ படமா? பக்கத்து வீட்டுல கேட்டா புடவை வியாபாரம்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்."

"ஏன், உங்க அண்ணன் எடுத்த காவியம்தானே?"

"அய்யோ, சும்னிருங்க அண்ணி" என்று பெட்டிகளின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள்.

சாப்பாட்டில் சாம்பார் தித்தித்தது. இது சாம்பாரா பாயசமா என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல, இந்த ஊர்ச் சாறு" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். இரண்டு நாளில் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது என்பதைத் திருச்சியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அதே பாயின் ஆட்டோவில் தியேட்டருக்குப் போனேன். நேரே போனால் பத்து நிமிஷம். ஆனால் பாய் வலப்பக்கம் திரும்பினார், இடப்பக்கம் திரும்பினார், ஒரே பிள்ளையார் கோயிலை இரண்டு தடவை காட்டினார். "நேரா போங்களேன் பாய்" என்றால், "நக்கோ அம்மா, வேணாம், ஒன்வே" என்றார். எங்கள் ஊரில் ஒன்வே என்றால் போலீஸ்காரர் நிற்கிற வரைக்கும்தான் ஒன்வே. கோபத்தில் நான் ஏதோ சொல்ல, அவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல, ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறிக் குதித்தது. பின்பக்கம் வைத்திருந்த பெட்டி விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளே இருந்த தகர டப்பாக்கள் இறக்கத்தில் உருண்டு ஓடின.

ஆஸ்டின் டவுன் கடைத்தெருவில் நானும் பாயும் டப்பாக்களைத் துரத்திக்கொண்டு ஓடிய கண்காட்சியை நிறையப் பேர் பார்த்தார்கள். ஒன்று பூக்காரி கூடையில் முட்டி நின்றது. இன்னொன்றைத் தையல்கடைக்காரர் காலால் மிதித்து நிறுத்தினார். அதன் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா! வெள்ளி டிரெஸ் படமா? வந்துடுச்சா? சண்டே ஃபேமிலியோட வந்துடறேன்."

சனியன், என் கையாலேயே விளம்பரம் செய்துவிட்டேன்.

தியேட்டர் மேனேஜர் சஃபாரி சூட் போட்ட கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஆபரேட்டர் முனிராஜ். அவருடைய அறையில் தரையில் உட்கார்ந்து பதினான்கு டப்பாக்களையும் நான் வரிசைப்படுத்தினேன். அடுக்களை டப்பாக்களே மாறி இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு மூடியிலும் என் வீட்டுக்காரர் கைப்பட நம்பர் எழுதியிருந்தார். முனிராஜ் வந்து பார்த்துவிட்டு, சாவகாசமாகக் கடைசி இரண்டு டப்பாக்களை இடம் மாற்றி வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"பதினாலு முன்னாடிம்மா, பதிமூணு பின்னாடி. இங்க எப்பவும் அப்டித்தான்."

"எந்த ஊர்ல பதினாலுக்கு அப்புறம் பதிமூணு வரும்?"

"இந்த ஊர்ல வரும்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நம்பர்படி ஓட்டுங்க. இல்லேன்னா பெட்டியை இப்பவே தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றேன். முனிராஜ் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். "ஆயித்து. அவங்க படம், அவங்க இஷ்டம்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். படத்தின் மேல் எனக்கு அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காக ஓட்டினால்தானே ஒழுங்காகத் தோற்கும்?

மேட்னிக்குப் பாதித் தியேட்டர் நிரம்பியிருந்தது. என் பக்கத்தில் முப்பத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி, கையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். எதற்கு என்று புரியவில்லை. படம் ஓட ஓட எல்லாரும் வசனத்தை முன்கூட்டியே சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அம்மா, ரேடியோவில் மகனின் பாட்டைக் கேட்டு எழுந்து உட்காரும் இடத்தில், "எந்திரிம்மா, எந்திரிம்மா!" என்று முன்வரிசை முழுவதும் கூவியது. எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பதின்மூன்றாம் ரீலில் வெள்ளிச் சட்டைக்காரன் புகைக்குள்ளிருந்து வந்தான். புகை அதிகமாகி அவனே இருமுவான், அதையும் வெட்டாமல் விட்டிருப்பார்கள். விசில் பறக்கும் என்று நினைத்தேன். தியேட்டர் கப்சிப். பக்கத்துப் பெண் முன்னால் இருந்தவளின் தோளைத் தட்டினாள்.

"இன்னாடி இது? இன்னும் சாவவே இல்ல, அதுக்குள்ள வன்ட்டான்?"

வெள்ளித்தாள் முடிச்சு அவிழவே இல்லை. பிறகு பதினான்காம் ரீல். உருண்டை விழுந்தது, அவன் செத்தான், அம்மா கதறினாள், 'வணக்கம்' வந்தது. நான் எழுந்தேன். வேறு ஒருவரும் எழவில்லை. எல்லாரும் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது. அப்போதும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"ரீல் போடுடா!" என்று ஒரு குரல்.

பக்கத்துப் பெண் என்னைப் பார்த்தாள். "அவ்ளோதானா? செத்தே பூட்டானா?"

"ஆமா. படம் முடிஞ்சுது" என்றேன்.

அவள் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. அதற்குள் நாற்காலிகள் தடதடக்க ஆரம்பித்தன. முனிராஜ் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். மேனேஜர் என்னைச் சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி, கொல்லைக் கதவு வழியாக ஆபீசுக்குள் கொண்டு போனார். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது.

முதல் முதலில் இங்கே படம் வந்த அன்று கடைசி இரண்டு ரீலும் மாறிப்போய்விட்டன. முதலில் கதாநாயகன் செத்தான், 'வணக்கம்' வந்தது, ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. அப்போது திரையில் மறுபடி புகை. புகைக்குள்ளிருந்து செத்தவன் வெள்ளிச் சட்டையில் வந்து ஆடினான். போட்டிக்கு முன்னால் கபடமாகக் கைகொடுக்கிற வில்லன், இப்போது திருந்திக் கைகொடுத்தான். தியேட்டர் இரண்டுபட்டது. "அன்னிக்கு ஜனங்க செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஸ்க்ரீன் முன்னாடி ஏறி ஆடினாங்க மேடம். அப்பறம் நாங்க சரி பண்ணவே இல்ல. அந்த டான்சுக்கு நானே ஸ்விட்ச் போர்டுல நின்னு ஹால் லைட்டை ஆன், ஆஃப் பண்ணுவேன், டிஸ்கோ எஃபெக்ட்" என்றார் மேனேஜர், சஃபாரி சூட்டின் பொத்தானைச் சரி செய்துகொண்டே.

எனக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இத்தனை வருஷமாகப் பெங்களூர்க்காரன், பெங்களூர்க்காரன் என்று என் உயிரை எடுத்தாரே! அந்தப் பெங்களூர்க்காரன் இவருடைய முடிவை ஒரு நாளும் முடிவாகவே பார்த்ததில்லை. இதை ஒருதரம் இவர் முகத்துக்கு நேரே சொன்னால் போதும், மிச்ச ஆயுசுக்கும் எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயிப்பேன். திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்தேன். "என்னங்க, ஒரு விஷயம் தெரியுமா?" என்று மெதுவாக ஆரம்பிக்கலாமா, அல்லது உள்ளே நுழைந்ததும் போட்டு உடைக்கலாமா? பாய் கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை மேட்னிக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 'கம்பெனிக்காரங்க ஹீரோவைக் கொன்னுட்டாங்க' என்று பக்கத்துப் பேட்டை நீலசந்திரா வரைக்கும் சேதி பரவிவிட்டதாம். நாளைக்கும் இப்படித்தான் என்றார் மேனேஜர். மழை தேவையே இல்லை, நான் ஜெயித்தாகிவிட்டது. கொண்டாட எதிர் ஓட்டலில் மசால் தோசை சொன்னேன். உள்ளே சிவப்புச் சட்னி தடவி, வெண்ணெயில் முறுகி வந்தது. நம்மூர்க்காரர்கள் இதை ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்து பேச வேண்டும். ஆனால் பாதிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. ஏனென்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

வெளியே வந்தால் வாசலில் நேற்றைய பக்கத்துப் பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கை.

"நீதானே அந்தக் கம்பெனிக்காரம்மா? நம்பர்படி ஓட்டச் சொன்னது நீதானே? வா, உன்கிட்ட பேசணும்."

பெயர் செல்வி. துணி தைக்கிற கம்பெனியில் வேலை. மறுத்துப் பேசினால் கடைத்தெருவிலேயே கச்சேரி நடக்கும் போலிருந்தது, கூடப் போனேன். நீலசந்திராவில் ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து, ஒற்றை அறை வீடு. ஒரே டம்ளர் டீயை இரண்டாகப் பிரித்து ஊற்றினாள். இந்த ஊரில் அதற்கு 'பை டூ' என்று பெயர், ஓட்டலிலேயே அப்படிக் கேட்டு வாங்கலாம். திருச்சியில் கேட்டால் முறைப்பார்கள்.

சுவரில் ஒரு போட்டோ, மாலையோடு. மீசைக்காரன், கருப்புக் கண்ணாடி.

"எங்க ஊட்டுக்காரு. மஞ்சக்காமாலைல பூட்டாரு. இந்தப் படம் வந்துச்சின்னா பனியன்ல வெள்ளித்தாள் ஒட்டிக்கினு ஸ்க்ரீன் முன்னாடி போயி ஆடுவாரு. அடி வாங்கினாலும் ஆடுவாரு. கரெக்டா அந்த ஹீரோ மாரியே இருமுவாரு" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"செத்தவன் எழுந்து வர்ற படம் வேற எதுனா இருக்குதா, சொல்லு? எல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அஞ்சு நிமிசம் பொய்யா இருந்தா உனக்கு இன்னா நஷ்டம்? உங்க ஊட்டுக்காரு எவ்ளோ நல்ல படம் எடுத்து வெச்சிக்கிறாரு. நீ வந்து கெடுத்துட்ட."

யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவள் நான். அன்றைக்கு அந்தப் பாதி டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். என் வீட்டுக்காரர் நல்ல படம் எடுத்தார் என்று ஒரு மனுஷி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சாயங்காலம் கமலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அலமாரியைத் திறந்து பெரிய கூலிங் கிளாஸ் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"படம் வர்றப்ப எல்லாம் இதைப் போட்டுக்கிட்டுப் போயிடுவேன் அண்ணி. ஆடிட்டர் பொண்டாட்டின்னு யாருக்கும் தெரியக் கூடாதுல்ல. எனக்கும் ரொம்பப் பிடிக்கும்."

"அப்போ ரீல் மாறினது உனக்குத் தெரியும்!"

"ஆரம்பத்துலயே தெரியும். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவர்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

நான் சத்தியம் ஒன்றும் செய்து கொடுக்கவில்லை. அப்படியொரு ஆயுதம் கையில் கிடைப்பது லேசா? ஆனால் ராத்திரி சாப்பிடும்போதே ஒன்று முடிவு செய்துவிட்டேன். சேட்டுக்குப் போகிற பெட்டி போகட்டும். ஆனால் நான் கெடுத்ததால் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயின் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினோம். தியேட்டரில் அறிவிப்புச் சொல்கிறவர் கிறிஸ்தவர், கோயிலுக்குப் போய்விட்டார். மேனேஜர் மைக்கை நீட்டினார். கமலா பின்வாங்கினாள். நான் வாங்கிக்கொண்டேன். ஆஸ்டின் டவுனில் ஆரம்பித்து நீலசந்திராவின் சந்துபொந்தெல்லாம் என் குரல் போயிற்று.

"பெரியோர்களே, தாய்மார்களே! வெள்ளிக்கிழமை நடந்தது தப்பு. தப்பு பண்ணினது நான்தான். இன்னிக்கு மேட்னியில் அவன் சாவான், பயப்படாதீங்க, திரும்பி வருவான்! கட்டாயம் வருவான்! வில்லன் திருந்துவான்! செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உக்காருங்க!"

சன்னல்கள் திறந்தன. "நெஜமா வருவானா?" என்று மாடியிலிருந்து ஒரு கிழவர் கேட்டார். "நான் பொறுப்பு!" என்று கத்தினேன். பாய் உற்சாகத்தில் ஒன்வேயில் எதிர்ப்பக்கமாகவே போனார். தையல்கடைக்காரர் கையாட்டினார். இத்தனை வயதுக்கு மேல் மைக் பிடித்தால் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரியாக மேட்னிக்கு முன்னால் வானம் இருட்டியது. பெங்களூர் மழை நம்மூர் மழை மாதிரி முன்னறிவிப்பெல்லாம் கொடுப்பதில்லை, பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் கேட்டபடியே, கேட்ட நாளில், கேட்ட நேரத்தில்! "ஆத்தா, வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று தியேட்டர் வாசலில் நின்று முணுமுணுத்தேன். போதாக்குறைக்குச் சேட்டு ஒரு நாள் முன்னதாகவே குடையோடு வந்து, பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் அறையில் உட்கார்ந்துவிட்டார். தெரு வெறிச்சென்று கிடந்தது. தோற்கடிக்க வந்தவள் நான், தெருமுனையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட் தெரிந்தது. அதன் அடியில் செல்வியும் இன்னும் எட்டுப் பேரும் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னால் தையல்கடைக்காரர் குடும்பம், தலையில் சாக்குப் போட்டவர்கள், குடைக்காரர்கள், குழந்தையைத் தோளில் வைத்த தகப்பன்மார்கள். சந்துகளிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். பெஞ்சு எடுத்துப் போட்டார்கள். அதுவும் போதாமல் சிலர் திரும்பிப் போனார்கள். சேட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். "பெட்டி விக்கறதுக்கு இல்ல சேட்டு. வந்தது வந்தீங்க, படம் பாத்துட்டுப் போங்க."

எனக்கு ஒரு பக்கம் செல்வி, மறுபக்கம் கூலிங் கிளாசோடு கமலா. உருண்டை விழுந்தது. தியேட்டரே அழுதது. வரப்போகிறான் என்று தெரிந்தே அழுதார்கள். செல்வி முந்தானையைப் பிழிந்தாள். கமலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரையில் அம்மாக்காரி மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறியதைப் பார்க்கையில், அந்த முடிவுக்காக அடி வாங்கிவிட்டு வந்து வீட்டில் பேசாமல் படுத்திருந்த என் வீட்டுக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. நானும் அழுதேன். ஒரு காலத்தில் நான் கேலி செய்த காட்சி அது.

'வணக்கம்' வந்தது. செருப்புகள் கழன்றன. ஒரு நொடி இருட்டு. பிறகு புகை.

அந்தச் சத்தத்தை நான் என்ன சொல்லி எழுதுவது? வெள்ளிச் சட்டைக்காரன் இருமிக்கொண்டே வந்தான். தியேட்டர் முழுவதும் அவனோடு சேர்ந்து இருமியது. மேனேஜர் ஸ்விட்ச் போர்டில் இரண்டு கையாலும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். வெள்ளித்தாள் மழையாகக் கொட்டியது. செல்வி நாற்காலி மேல் ஏறி நின்று, "வன்ட்டான்! வன்ட்டான்!" என்று கத்தினாள். பல்புப் பாவாடைக்காரி வந்ததும், இத்தனை வருஷமாக நான் வயிறெரிந்த அந்தப் பல்புகள் எனக்கே அழகாகத் தெரிந்தன. இந்த மாதிரிப் படங்கள் ஏன் சாகவே மாட்டேன் என்கின்றன என்று அப்போதுதான் பிடிபட்டது. நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம் அதில் ஆடுகிற ஒருத்தருக்கும் இல்லை. பார்க்கிறவருக்கும் அந்த அஞ்சு நிமிஷம் அது இருப்பதில்லை. நான் ஆடினேனா என்று கேட்காதீர்கள். என் ஒற்றைச் செருப்பு இன்னும் அந்தத் தியேட்டரில்தான் கிடக்கிறது.

படம் விட்டதும் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருச்சிக்குப் போன் போட்டேன். கமலா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சேட்டுகிட்ட குடுத்துட்டியா?"

"குடுக்கல. மேட்னி ஹவுஸ் ஃபுல். மழையிலயும் வந்தாங்க."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடைசில... அழுதாங்களா?"

நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. என்னங்க, ஒரு விஷயம் தெரியுமா? ஒத்திகை பார்த்த வாக்கியம். கமலா கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அழுதாங்க. பக்கத்துல ஒரு பொண்ணு முந்தானையைப் பிழிஞ்சா. உங்க தங்கச்சி அழுதா."

"நீ?"

"நானும்தான்."

"பொய் சொல்லாத."

"சத்தியமாங்க."

"அப்புறம்? வணக்கம் போட்டதும்?"

"வணக்கம் போட்டதும் ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போகல."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான்தான் சொன்னேனே" என்றார். எப்போதும் சொல்கிற அதே வார்த்தைதான், ஆனால் சண்டைக்காரக் குரல் இல்லை. "முழங்கால் சரியாகட்டும். அடுத்த தடவை நானே வந்து கூட உக்காந்து பாக்கறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே கமலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, என்ன?" என்று கையால் கேட்டாள்.

"வாங்க" என்றேன். "வணக்கம் போட்டாலும் எந்திரிக்காம என் பக்கத்துலயே உக்காந்திருங்க, அவ்வளவுதான்."